பூட்டிய பெட்டிக்குள் நூற்றுப் பன்னிரண்டு

நவராத்திரி நவமியன்று காலை, பெட்டியை எடுத்துப்போக மாட்டுவண்டி வந்து நின்றபோது ஃபிட்டர் குற்றாலலிங்கம் பட்டறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

அது அவருடைய ஆயுதப் பெட்டி. கம்பெனி அதைத் தன்னுடையது என்று விற்றுவிட்டிருந்தது.

கிள்ளிப்பாலத்தை அடுத்து இருந்தது அந்தப் பட்டறை. நாகர்கோவில் ரோட்டில் ஏழு பஸ்கள் ஓட்டிய கம்பெனியுடையது. சர்க்கார் தானே பஸ் விடப்போகிறது, தனியார் வண்டிகளுக்கு இனி ரோடு கிடையாது என்று திருவனந்தபுரம் முழுக்கப் பேச்சு அடிபட்ட வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. முதலாளி முந்திக்கொண்டார். பட்டறையை அப்படியே கொல்லத்து முந்திரித் தொழிற்சாலைக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்தார். லேத்து, துளை போடுகிற யந்திரம், வைஸ்கள், எல்லாம். அஷ்டமியன்று மத்தியானம் மானேஜர் அழகியநம்பி குற்றாலலிங்கத்தைக் கடந்து போகும்போது, போகிற போக்கில், "உம்ம பெட்டியும் நாளைக்குப் போகுது வே. பட்டறைக்குள்ளே இருக்கிறது அத்தனையும் கம்பெனி சாமான். முதலாளி உத்தரவு" என்றார்.

குற்றாலலிங்கம் கையிலிருந்த அரத்தைத் துடைத்து வைத்தார்.

பெட்டி தேக்கு. மூலைகளில் இரும்புப் பட்டை. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டுகள், இழுத்தால் முன்னால் நகரும். வள்ளக்கடவில் லாஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இறந்தபின் அவர் வீட்டில் இதில் அரிசி போட்டு வைத்திருந்தார்கள். குற்றாலலிங்கம் இரண்டு புது அரிசிப் பானைகளோடு போய் அதை வாங்கி வந்தார். அதற்கு முன்பும் பின்பும் சேர்த்து இருபத்தாறு வருஷம் அவர் பழைய ஆயுதங்களைத் தேடி அலைந்திருக்கிறார். சாலைக் கடைத்தெருவின் பழைய இரும்புக் கடைகள், வலியதுறையில் கப்பல் சாமான் இறங்குகிற இடம், தோட்டங்களை விட்டுவிட்டுச் சீமைக்குப் போகிற துரைமாரின் பங்களாப் பின்கட்டுகள். ஞாயிற்றுக்கிழமை சாக்குப் பையோடு போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். பையில் சில நாள் ஒரே ஒரு திருப்புளி இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது.

அவர் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். அங்கே ஒரு மில்லில் எண்ணெய் போடுகிறவராக இருந்து, மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு இருபத்தோராம் வயதில் செங்கோட்டை வழியாக மலை கடந்து வந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆயுதங்களின்மேல் குத்தியிருக்கும் எழுத்துகளைப் படங்களாகவே தெரியும். ஒரு எழுத்து ஏணி, ஒன்று பாம்பு, ஒன்று வளையம், ஒன்று இரட்டைப் பல். ஏணியும் வளையமும் பாம்பும் சேர்ந்து வந்தால் யார் அடித்தது, எந்த உருக்கு, சுண்டினால் என்ன ஓசை வரும் என்று சொல்வார். மார்க் தேய்ந்து போயிருந்தால் வாயின் வளைவைப் பார்ப்பார். காம்பைக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். "இது இடக்கைக்காரன் வெச்சிருந்தது. பெருவிரல் இந்தப் பக்கம் அமுக்கியிருக்கு, பாரு." அவர் எதையும் விற்றதில்லை. வேலைக்கு எடுப்பார், துடைப்பார், அந்தந்த இடத்தில் வைப்பார்.

ஒரு பலவீனம் உண்டு. யாராவது பெட்டியைக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவார். கேட்டவன் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டார்.

கர்க்கடக மாசத்து மழை கொட்டிய ஒரு பிற்பகல் அழகியநம்பி ஒரு அடிக்கோலும் காகிதமும் கொண்டுவந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "இன்ஷூரன்ஸுக்கு எழுதணும் வே. உம்ம சாமானுக்கும் சேர்த்து. தீப்பிடிச்சா உமக்கு ஏதாவது கிடைக்கும்லா." திருக்குறுங்குடிக்காரர், நெற்றியில் நாமம், கணக்கில் புலி. ஆயுதம் எதையும் கையால் தொட்டதில்லை. குற்றாலலிங்கம் மகிழ்ந்து போனார். மேல்தட்டை இழுத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துக் காட்டினார். மானேஜர் அடிக்கோலை மட்டும் வைத்து வாயை அளந்து எழுதிக்கொண்டார். முப்பத்தெட்டு ஆனபோது மழை விட்டது, முதலாளி கூப்பிட்டு அனுப்பினார், மானேஜர் போய்விட்டார்.

அந்தக் காகிதம்தான் இப்போது கம்பெனியின் ஆயுதப் பட்டியல்.

அஷ்டமியன்று சாயங்காலம் பட்டறையில் பூஜை வைப்பு. வருஷா வருஷம் நடப்பது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு ஆயுதம் வைப்பார்கள். ஒருவன் சுத்தியல், ஒருவன் ஸ்பானர், அதற்குமேல் யாரும் வைப்பதில்லை. பூஜை செய்கிற போற்றி வந்து பூவிட்டுப் போனால் தசமி காலையில் பூஜை எடுக்கிறவரை எதையும் தொடக்கூடாது. அன்று குற்றாலலிங்கம் ஐயப்பனையும் ஞானையனையும் கூப்பிட்டார். இருவரும் பட்டறையின் மற்ற ஃபிட்டர்கள்.

"ஒரு கை குடுங்க."

"எதைப் பிடிக்க?"

"பெட்டியை."

"முழுப் பெட்டியா அண்ணாச்சி?" என்றான் ஞானையன். மார்த்தாண்டம் பக்கத்துச் சபைக்காரன். "சாமிக்கு இம்புட்டுப் பெரிய வேலை என்ன இருக்கு?"

"பிடிலே."

இன்னும் இரண்டு கிளீனர்களைச் சேர்த்துக்கொண்டு தூக்கிப் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். குற்றாலலிங்கம் பூட்டைப் பூட்டி அதன்மேல் சந்தனம் வைத்தார். போற்றி ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார், பிறகு அதன்மேலும் பூவைப் போட்டார். அழகியநம்பி அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்.

நவமியன்று வண்டியோடு வந்தவர் பெயர் திரவியம். கொல்லத்துத் தொழிற்சாலையின் மூத்த ஃபிட்டர், ஐம்பது வயதுக்காரர். தம்பானூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் அன்றைக்கே சாமானைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. யந்திரங்கள் அடுத்த வாரம் போதும், முதலில் பெட்டி. அவருடைய முதலாளி ஒருமுறை வந்தபோது பெட்டியைப் பார்த்து மயங்கியிருந்தார். காட்டியது குற்றாலலிங்கம்தான்.

திரவியம் உள்ளே போய்ப் பெட்டியைச் சுற்றி வந்தார். இரும்புப் பட்டையைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"தொடாதேயும்!" அழகியநம்பி வாசலிலிருந்தே கத்தினார்.

"ஏன் சார்?"

"பூஜையிலே இருக்கு."

"எனக்குப் பூஜை கிடையாது சார். நான் கிறிஸ்தவன்."

"உமக்குக் கிடையாது. பெட்டிக்கு உண்டு."

ஞானையன் சிரித்துவிட்டான். "நானும் கிறிஸ்தவன்தான் மேஸ்திரி. என் சுத்தியல் மட்டும் இந்துவாக்கும். ரெண்டு நாள் லீவு கெடைக்கும்."

மானேஜர் குற்றாலலிங்கத்தின் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "வேணும்னே செய்திருக்கீரு."

"ஆமா சார்."

"நாளைக்குக் காலையிலே பூஜை எடுத்ததும் போயிரும். ஒரு நாள்தானே?"

"பெட்டி என்னுது சார். நாளைக்கும் என்னுதுதான்."

மானேஜர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். ஸ்பானர், வாய் இத்தனை இஞ்ச். குறடு, நீளம் இத்தனை. முப்பத்தெட்டு உருப்படி, கீழே கம்பெனி முத்திரை. குற்றாலலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார்.

"இது மழையன்னிக்கு நான் எடுத்துக் காட்டினது."

"ஆமா. கம்பெனி சாமானைக் கம்பெனிகிட்டே காட்டினீரு."

"முப்பத்தெட்டோட நின்னது ஏன்? கம்பெனி வாங்கின சாமான்னா பாக்கியும் தெரியணுமே. கீழ்த்தட்டிலே என்ன இருக்கு, சொல்லுங்க."

"அதைத் திறந்தால் தெரிஞ்சுட்டுப் போகுது."

"திறக்காமச் சொல்லுங்க. உங்களால ஆகாது. நான் சொல்லுதேன்."

ஐயப்பன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறினார்.

"பெட்டி இப்படியே பூட்டிக் கிடக்கட்டும். உள்ளே என் சாமான் நூற்றுப் பன்னிரண்டு இருக்கு. ஒவ்வொண்ணையும் சொல்லுதேன். மார்க் என்ன, எங்கே தேஞ்சிருக்கு, எங்கே ஒடுக்கு, காம்பு என்ன மரம். நீங்க எழுதுங்க. நாளைக்குப் பூஜை எடுத்ததும் திறப்போம். சொன்னதிலே ஒண்ணு தப்பினாலும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. வாயைத் திறக்கமாட்டேன். ஒண்ணும் தப்பலேன்னா இந்தப் பெட்டி கொல்லத்துக்குப் போகாது."

அழகியநம்பி யோசித்தார். எப்படியும் இன்று பெட்டி நகரப்போவதில்லை. நூற்றுப் பன்னிரண்டு சாமான்களைத் தேய்மானத்தோடு மனப்பாடமாக ஒருவன் சொல்ல முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இவனே பேசித் தோற்றால் மற்ற வேலைக்காரர்களும் வாயை மூடுவார்கள். முதலாளியிடம் கேட்கலாம் என்றால் அவர் நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிக்குப் போயிருந்தார்.

"சரி வே. உம்ம வாய்ச்சொல்தான்."

"வாய்ச்சொல்தான்."

பூட்டிய பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் சொன்னார். மானேஜர் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். முதலில் வெடுக் வெடுக்கென்று எழுதியவர் இருபதைத் தாண்டியதும் வேகம் குறைந்தார்.

"அரைவட்ட அரம், பன்னிரண்டு இஞ்ச். நுனியிலே ரெண்டு வரிசைப் பல் கிடையாது. காம்பு கொய்யா. காம்பிலே பித்தளை வளையம், அது நான் போட்டது. வெளிக் காலிப்பர், மார்க் வளையமும் பாம்பும், பாம்புக்கு வால் தேஞ்சிருக்கும். ஒரு கால் இன்னொண்ணைவிட மயிரிழை குட்டை. மூணுமூலை அரத்தை அடிச்சுச் செய்த சுரண்டி, ஒரு பக்கத்திலே பழைய பல்லு இன்னும் தெரியும். நடுக்குத்துப் பஞ்ச், தலை பூப்பூத்திருக்கும்."

திரவியம் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அரை இஞ்ச் ஸ்பானர் எத்தனை வெச்சிருக்கீரு?"

"எந்த அரை?"

திரவியத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. மானேஜர் நிமிர்ந்தார். "அதென்ன எந்த அரை? அரைன்னா அரை."

"இங்கிலீஷ்காரன் போல்ட்டோட தடிமனை ஸ்பானர்லே குத்துவான் சார்" என்றார் திரவியம். "அமெரிக்காக்காரன் ஸ்பானர் வாயைக் குத்துவான். இங்கிலீஷ் அரையோட வாய் ஒரு இஞ்சுக்குக் கிட்டே வரும்."

"இங்கிலீஷ் அரை மூணு" என்றார் குற்றாலலிங்கம். "ஒண்ணுக்கு ஏணி மார்க், ஒண்ணுக்குக் கிரீடம், ஒண்ணுக்கு மார்க்கே இல்லை, ஆனா ஏணிக்காரன் அடிச்சதுதான், கழுத்து வளைவு அவன் வளைவு. அமெரிக்க அரை ரெண்டு. அதிலே ஒண்ணை எவனோ அரத்தாலே ராவி வாயைப் பெரிசாக்கியிருக்கான். கொலைகாரப் பாவி."

"ராவினது எந்தப் பக்கம்?"

"உள்வாய், இடப்பக்கம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டைச் சொல்லி முடித்தபோது வெயில் பட்டறைக்குள் பாதி வந்துவிட்டிருந்தது. மானேஜர் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். திரவியம் வண்டிக்காரனை மறுநாள் வரச் சொன்னார்.

குற்றாலலிங்கம் கரமனைக்கு நடந்தே போனார். ஆற்றைத் தாண்டி, அக்கிரகாரத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு போகிற சந்தில் ஒற்றை அறை வாடகை வீடு. மனைவி உலகம்மை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒண்ணு தப்பினா?"

"தப்பாது."

"தப்பினா?"

"தப்பாதுட்டி."

"என்னைக் கெட்டின தேதி சொல்லுங்க பார்ப்போம்." அவர் விழித்தார். "கொறடு வாங்கின தேதி மட்டும் தெரியும்" என்றாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. சுவரில் சாய்ந்தார்.

"என்ன?"

"ஒண்ணு இருக்கு."

"தப்பிப்போச்சா?"

"தப்பல்லை. சொல்லல்லை. என்னுது இல்லை, அதனாலே நினைப்புக்கே வரல்லை. கம்பெனிச் சாவி ஒண்ணு, பஸ் எஞ்சினுக்குத் தீப்பொறி போடுற மாக்னெட்டோவைத் திறக்கிற குட்டி ஸ்பானர், விரல் நீளம். கீழ்த்தட்டிலே மூலையிலே கிடக்கு. கம்பெனி முத்திரை குத்தினது."

உலகம்மை முறத்தைக் கீழே வைத்தாள். "திருடன்னு சொல்லுவான்."

"சொல்லுவான்."

"இப்பவே போய் எடுத்து எறிஞ்சிட்டு வாங்க. பட்டறைச் சாவி ஐயப்பன்கிட்டேதானே இருக்கு?"

"பூஜையிலே இருக்கு."

"நீங்க சாமி கும்பிட்டு நான் பார்த்ததேயில்லை."

"கும்பிடல்லைதான். நானா பூட்டி நானா சந்தனம் வெச்சேன். அவன் தொடக்கூடாதுன்னு வெச்சதை நான் தொட்டேன்னா, பிறகு எந்த வாயாலே அவனைத் தொடாதேம்பேன்?"

"அதுக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவீங்களா?"

"போறேன்."

அவள் முறத்தை எடுத்து அரிசியை மறுபடி புடைக்கத் தொடங்கினாள். தலை நிமிராமலே, "ஆவணி மாசம், பன்னிரண்டாம் தேதி" என்றாள். "நாளைக்கு அவன் கேட்டாலும் கேட்பான்."

தசமி காலையில் போற்றி வந்து பூவை எடுத்தார். தீபாராதனை ஆனதும் அவரவர் ஆயுதத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஞானையன் தன் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். குற்றாலலிங்கம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திரவியத்திடம் கொடுத்தார்.

"நீங்க திறங்க. நீங்களே எடுங்க. நான் கையை வெக்கல்லை."

திரவியம் ஒவ்வொன்றாக எடுத்தார். மானேஜர் வாசித்தார். ஐயப்பன் சாக்கை விரித்து வரிசையாக அடுக்கினான். பன்னிரண்டு இஞ்ச் அரம், நுனியில் இரண்டு வரிசைப் பல் இல்லை. சுரண்டியில் பழைய பல். காலிப்பரைத் திரவியம் வெளிச்சத்தில் பிடித்துக் கால்களைச் சேர்த்துப் பார்த்தார். மயிரிழை. அதைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். மார்க் இல்லாத இங்கிலீஷ் அரையையும் ஏணி அரையையும் கழுத்தோடு கழுத்து சேர்த்துப் பிடித்தார். ஒரே வளைவு. ராவிய அமெரிக்க அரையில் விரலை விட்டு, "இடப்பக்கம்" என்றார்.

முப்பத்தெட்டு, எழுபது, தொண்ணூறு. மானேஜரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது ஒரு தகரக் கத்தரி. ஒரு பிடியில் நூல் சுற்றியிருக்கும் என்று எழுதியிருந்தது. சுற்றியிருந்தது.

"ஒண்ணும் தப்பல்லை" என்றார் திரவியம்.

"தட்டைக் காலி பண்ணும்" என்றார் மானேஜர்.

திரவியம் கீழ்த்தட்டை வெளியே இழுத்துச் சாய்த்தார். மூலையிலிருந்து அந்தச் சாவி சறுக்கி வந்து தரையில் விழுந்தது. மானேஜர் குனிந்து எடுத்தார். வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு ஆயுதத்தைக் கையில் எடுத்தார். முத்திரையைப் பார்த்தார்.

"இது என்ன வே?"

"கம்பெனிச் சாவி."

"நேத்து சொல்லல்லியே?"

"என் சாமானைச் சொன்னேன். இது என் சாமான் இல்லை."

"அப்போ திருட்டு." எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "பார்த்தீரா திரவியம்? திருட்டு."

"வண்டி கழுவுற ஓடையிலே கிடந்தது. மூணு வருஷமாச்சு. மண்ணெண்ணெயிலே போட்டுத் துரு எடுத்து வெச்சேன். எவனாவது தேடி வருவான்னு பார்த்தேன். ஒருத்தனும் வரல்லை."

"கொண்டுவந்து குடுக்கிறதுக்கு என்ன?"

"குடுத்தா மறுபடியும் ஓடையிலே போடுவீங்க."

ஞானையன் இருமினான். மானேஜர் அவன் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி இவர் பக்கம் வந்தார்.

"போலீசைக் கூப்பிடுதேன். உள்ளே போய் உட்கார்ந்து பாம்பு, ஏணி எல்லாம் எண்ணும்."

குற்றாலலிங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக மானேஜரை நீர் என்றார்.

"கூப்பிடும். இன்ஸ்பெக்டர் முதல்லே என்ன கேட்பான்? கம்பெனிச் சாமான் பட்டியலைக் கேட்பான். எடுத்துக் குடும். இந்தச் சாவி அதிலே இருக்கா, பாரும்."

மானேஜர் அசையவில்லை. திரவியம் கையை நீட்டி முத்திரை குத்திய காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். திருப்பியும் பார்த்தார்.

"இல்லை."

"முப்பத்தெட்டு எழுதியிருக்கீரு. முப்பத்தெட்டும் என்னுது. உம்முதுன்னு பெட்டிக்குள்ளே இருந்தது இந்த ஒண்ணே ஒண்ணு. அதை எழுதல்லை. எழுத உமக்குத் தெரியாது, ஏன்னா உமக்கு இது தொலைஞ்சதே தெரியாது. எடுத்துக்கும். பத்திரமா வையும்."

வெளியே ரோட்டில் சந்தனமும் மாலையுமாக ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

திரவியம் காகிதத்தை மடித்து மானேஜரிடம் கொடுத்தார். "நான் இதை ஏத்தமாட்டேன் சார். எங்க முதலாளிகிட்டே நடந்ததைச் சொல்லுவேன். யந்திரத்துக்கு அடுத்த வாரம் ஆள் வரும். அதுக்கு முன்னாலே வேற பட்டியல் எழுதி வையுங்க. தெரிஞ்ச ஆளை வெச்சு எழுதுங்க."

"நீரு இந்த நிமிஷமே வெளியே போகலாம்" என்றார் அழகியநம்பி, குற்றாலலிங்கத்தைப் பார்த்து. "இனி இங்கே வேலை கிடையாது."

"பெட்டியோடதான் போறேன்."

அடுக்குவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தார். மானேஜர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரவியம் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார்.

"கொல்லத்துக்கு வாரும். நான் சொன்னா முதலாளி எடுத்துக்கிடுவார். பெட்டியையும் கொண்டுவாரும்."

"அவர் கண்ணு பெட்டிமேலேயில்லா இருக்கு."

"அது நெசம்தான்" என்றார் திரவியம். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கொல்லத்துக்கென்று கொண்டுவந்த வண்டியிலேயே பெட்டியை ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

அன்றிலிருந்து குற்றாலலிங்கம் யாரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, நின்றுபோகிற லாரிகளுக்கு வேலை செய்தார். யுத்த வருஷங்களில் சீமையிலிருந்து ஆயுதம் வருவது நின்றபோது வியாபாரிகள் அவரைத் தேடி வந்தார்கள். மொத்தமாகக் கேட்டார்கள், சில்லறையாகக் கேட்டார்கள். விற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினார். நாகர்கோவிலிலிருந்தும் புனலூரிலிருந்தும் ஃபிட்டர்கள் பெயர் தெரியாத சாமான்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இது எவன் அடித்தது, இது எதற்கு என்று கேட்டுப் போனார்கள். பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த ஒருவன், நீ சொல்வது தப்பு, புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருக்கிறது என்று சண்டைக்கு வந்தான். புத்தகத்தைக் கொண்டுவா என்றார். கொண்டுவந்தான். படத்தைப் பார்த்துவிட்டு, புத்தகம்தான் தப்பு, படம் வரைந்தவன் சாமானைப் பார்க்காமல் வரைந்திருக்கிறான் என்றார். கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், ரோட்டோரத்திலேயே, ஒரு லாரியின் அடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அந்தத் தசமியன்று அதெல்லாம் தெரியாது. வேலை போய்விட்டது, வண்டியில் பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். ஐயப்பனும் ஞானையனும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். சந்துக்குள் வண்டி திரும்பியபோது வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வாசலுக்கு முன்னால் வண்டி நின்றது. குற்றாலலிங்கம் கீழே இறங்கவில்லை. கதவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் கண்ணாலேயே அளந்த ஆள்.

"ஒன்றரை இஞ்ச் இடிக்கும்" என்றார்.

"சாய்ச்சு ஏத்துவோம்" என்றான் ஐயப்பன்.

"சாய்ச்சாலும் இடிக்கும். உசரமும் அகலமும் ஒண்ணு."

"அப்போ வெளியிலே வெச்சுருவோம் அண்ணாச்சி" என்றான் ஞானையன். "மேலே ஓலை போட்டுக்கிடலாம்."

"வெளியிலே வெக்கப்படாது." உலகம்மை வாசலில் வந்து நின்றாள். "உள்ளே வரணும்."

"எப்படிட்டி வரும்?"

"கதவு நிலையைக் கழட்டுங்க."

"வாடகை வீடு. நிலை வீட்டுக்காரருது."

"கம்பெனியையே கேட்காத ஆள், வீட்டுக்காரரைக் கேட்கப்போறீங்களா?" அவள் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிமணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். வழியிலிருந்த தண்ணீர்க் குடத்தை நகர்த்தினாள். "நாலு ஆயுதத்தை எடுங்க. பொழுது சாயறதுக்குள்ளே முடியணும். அடுப்பு வேற பத்த வைக்கணும்."

எதிர்வீட்டு ஆள் அதற்குள் வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடிக்கொண்டிருந்தான். குற்றாலலிங்கம் வண்டியிலேயே பெட்டியைத் திறந்தார். இரண்டு உளி எடுத்தார், ஒரு கடப்பாரைக் குட்டி எடுத்தார், கொய்யாக் காம்பு போட்ட சுத்தியலை எடுத்து ஞானையனிடம் கொடுத்தார்.

"இடப்பக்கத்திலேருந்து ஆரம்பி" என்றார்.